நீங்கள் கேட்டவை: பிள்ளைக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொடுப்பது எப்படி?

''ஒன்பது வயது மகன். யாருக்கும் நன்றியாக ஒரு வார்த்தை சொல்வதில்லை. நடவுக்கு வரும் பாட்டி வயதுப் பெண்களைக்கூட பெயர் சொல்லி, 'வா, போ' என்கிறான். அதட்டினால், 'தேங்க்ஸ்' என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறான். எப்படித் திருத்துவது?''

- வாசகி, திருவாரூர் மாவட்டம்.

'தேங்க்ஸ்' என்ற சொல்லை மூன்று வயதுப் பிள்ளைக்கும் பழக்கிவிடலாம். ஆனால், தனக்காக இன்னொருவர் சிரமப்பட்டிருக்கிறார் என்பது புரிந்தால்தான் நன்றி உணர்வு வரும். வளர வளரத்தான் அந்தப் புரிதல் வலுப்படும். எனவே, ஒன்பது வயதில் தொடங்குவது தாமதம் அல்ல.

முதலில் கவனிக்க வேண்டியது, பெரியவர்களின் பேச்சை. வேலைக்கு வருபவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், சாதியைப் பார்த்து ஒருமையில் அழைக்கும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அப்பா 'ஏய்' என்று கூப்பிடுபவரை மகன் 'பாட்டி' என்று கூப்பிட மாட்டான். வீட்டில் உள்ளவர்கள் 'வாங்க, போங்க' என்று மாற்றிக்கொண்டால், பிள்ளையும் மாறும். வீட்டுக்கு ஒரு டம்ளர், வேலையாட்களுக்கு ஒரு டம்ளர் என்று வைத்திருந்தால், அதையும் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அதை உடனே நிறுத்துங்கள்.

அடுத்து, உழைப்பைத் தெரிய வையுங்கள். விடுமுறை நாளில் நடவு வயலுக்கு அழைத்துச் செல்லுங்கள். வரப்பில் நிற்க வைக்காமல், சேற்றில் இறக்கி ஒரு முடி நாற்றையாவது நடச் சொல்லுங்கள். இடுப்பு வலிக்கும்போது, காலையிலிருந்து குனிந்து நிற்பவர்களின் சிரமம் புரியும். அன்று டீயும் பலகாரமும் அவன் கையாலேயே கொடுக்கட்டும்.

பேசிய கூலியைக் குறைக்காமல் அன்று மாலையே கொடுத்துவிடுங்கள். இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுக் கூலிக்கு அலைய விட்டால், நன்றி என்பது வெறும் வாய்ப்பேச்சு என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

வீட்டில் ஒரு தொட்டியில் சிறுகீரை விதைக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 25 நாளில் பறிக்கலாம். தண்ணீர் ஊற்றுவதும் களை எடுப்பதும் அவன் பொறுப்பு. முதல் பிடியை யாருக்குக் கொடுக்க வேண்டும், ஏன் என்று அவனையே யோசிக்கச் சொல்லுங்கள். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசும் வேலையிலும் அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திருக்குறளின் 11-வது அதிகாரம் 'செய்ந்நன்றியறிதல்'. மனப்பாடம் செய்து மார்க் வாங்குவதோடு அது நின்றுவிடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. 'உனக்காக எவ்வளவு கஷ்டப்படுகிறோம் தெரியுமா?' என்று தினமும் சொல்லிக் காட்டாதீர்கள். அதில் குற்ற உணர்ச்சிதான் வளரும். சோறும் படிப்பும் பிள்ளைக்குச் சேர வேண்டியவை. அவற்றைக் கடன் கணக்காக்க வேண்டாம். மாறாக, அவன் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்தால், 'நீ எடுத்து வந்ததால் அம்மாவுக்கு ஒரு நடை மிச்சம்' என்று சொல்லுங்கள். நன்றி சொல்லப்பட்ட பிள்ளைதான் நன்றி சொல்லும்.

குறுகிய கால நெல்லுக்கே 105 முதல் 120 நாள் ஆகிறது. பிள்ளைக்கும் ஒரு போகமாவது அவகாசம் கொடுங்கள்.