நிறுத்துவதற்கு முன்

"டாக்டர், இந்த மாத்திரை ஸ்டீராய்டா?"

மருந்துச் சீட்டை நீட்டியவாறு இவ்வாறு கேட்காத குடும்பம் அரிது. 'ஆம்' என்று விடை சொன்னால் கேட்டவரின் முகம் வாடிவிடும். அருகில் நிற்கும் உறவினர், "வேறு மருந்தே இல்லையா?" என்பார். இந்த அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். மிகுந்த அளவில் நெடுங்காலம் உட்கொண்டால் எலும்பு வலுவிழக்கும், இரத்தச் சர்க்கரை ஏறும், முகம் உப்பும், கண்ணில் புரை வளரும், தொற்றுகள் எளிதில் பற்றும். 2021ஆம் ஆண்டு, கொரோனாவின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை நோய் நம் நாட்டில் பரவியபோது, கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் அளவு மீறிய ஸ்டீராய்டும் அதற்கு வழிவிட்டதை நாளிதழ்கள் விரிவாக எழுதின. அன்று பதிந்த அச்சம் இன்றும் அகலவில்லை.

என் கவலை வேறு. உட்கொள்வதற்கு இத்தனை அஞ்சும் நாம், பல மாதங்களாக உட்கொண்டு வந்ததை ஒரே நாளில் நிறுத்துவதற்குச் சிறிதும் அஞ்சுவதில்லை. பக்கவிளைவுகள் மெல்ல வந்து சேர்பவை. அவற்றைக் கண்டறியவும் கட்டுப்படுத்தவும் காலம் கிடைக்கும். திடீரென நிறுத்துவதால் நேரும் கேடோ சில நாள்களிலேயே உயிருக்கு உலை வைத்துவிடக்கூடியது.

சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் முடிந்த வாரத்தில், அறுபது வயதைக் கடந்த ஒரு தாயை விடியற்காலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தனர். முடக்குவாதத்துக்காக அவர் இரண்டு ஆண்டுகளாகப் பிரெட்னிசலோன் மாத்திரை உட்கொண்டு வந்தவர். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் பண்டிகைக்கு வந்திருக்கிறார். கைப்பேசியில் ஸ்டீராய்டைப் பற்றி எதையோ பார்த்துவிட்டு, "இந்த விஷம் இனி உனக்கு வேண்டாம் அம்மா" என்று மாத்திரை அட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டார். அன்பினால் செய்த செயல்தான். மூன்றாம் நாள் தாய்க்குப் பசி அற்றுப்போனது. நான்காம் நாள் வாந்தி. பண்டிகைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் கட்டிலை விட்டு எழுந்தவர் மயங்கி விழுந்தார்.

எங்களிடம் வந்தபோது இரத்த அழுத்தம் 70க்கு 40. இரத்தத்தில் சர்க்கரையும் சோடியமும் குறைந்திருந்தன. வயிற்றுப்போக்கா, தொற்றா, மாரடைப்பா என்று ஆளுக்கொரு திசையில் தேடிக்கொண்டிருந்த வேளையில், சுவரோரம் நின்ற மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அத்தைக்கு அஞ்சு நாளா அந்தச் சின்ன மாத்திரையைக் கொடுக்கலைங்க டாக்டர்." அந்த ஒரு வாக்கியம்தான் நோயைக் கண்டுபிடித்தது. ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் சலைனும் உடனே செலுத்தப்பட்டன. மாலையில் அந்த அம்மா காப்பி கேட்டார்.

ஒரு சிறு மாத்திரை நின்றதற்கு உடல் ஏன் இப்படிச் சரிய வேண்டும்? இதை அறிய, இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளை அறிய வேண்டும். இரண்டையும் சேர்த்து நிறுத்தாலும் எடை ஏறத்தாழ 10 கிராம்தான். இவற்றின் புறணிப் பகுதியில் சுரக்கும் கார்டிசால் என்னும் ஹார்மோன், இரத்த அழுத்தம் சரியாமல் காக்கிறது. உணவின்றி இருக்கும் நேரத்தில் இரத்தச் சர்க்கரை வீழாமல் தாங்குகிறது. அழற்சியை அளவோடு நிறுத்துகிறது. காய்ச்சல், காயம், அறுவைச் சிகிச்சை போன்ற இக்கட்டு நேரங்களில் இதன் சுரப்பு வழக்கத்தைக் காட்டிலும் பல மடங்கு உயரும். அந்த உயர்வு இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சலைக்கூட உடல் தாங்காது.

அட்ரீனல் தானாக முடிவெடுத்துச் சுரப்பதில்லை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், அதன் கீழே பயறு அளவில் தொங்கும் பிட்யூட்டரிக்கு ஆணை அனுப்பும். பிட்யூட்டரி, 'ஏசிடிஎச்' என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுத்து அட்ரீனலைத் தூண்டும். கார்டிசால் போதிய அளவு வந்துவிட்டால், அந்தக் கார்டிசாலே மேலே சென்று 'போதும்' என்று தெரிவிக்க, ஆணை அடங்கும். தைராய்டும் இனப்பெருக்கச் சுரப்பிகளும் இதே முறையில்தான் ஆளப்படுகின்றன. ஆணையிடுபவர், தாம் இட்ட ஆணையின் பயனை ஒவ்வொரு கணமும் அளந்து பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்ளும் இத்தகைய ஆட்சியை வெளியுலகில் நான் அதிகம் கண்டதில்லை. இதற்கு நாள் ஒழுங்கும் உண்டு. நள்ளிரவையொட்டி மிகக் குறைந்திருக்கும் கார்டிசால், விடியலுக்கு முன்பிருந்தே ஏறத் தொடங்கிக் காலையில் உச்சத்தை அடையும். மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் உட்கொள்ளுமாறு எழுதுவது இந்த ஒழுங்கை ஒட்டித்தான்.

இப்போது வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருகிறது என்று கொள்வோம். பிட்யூட்டரிக்கு அது மாத்திரையிலிருந்து வந்ததா, சுரப்பியிலிருந்து வந்ததா என்று தெரியாது. 'போதும்' என்னும் செய்தி மட்டுமே தெரியும். ஆகவே ஆணை நின்றுவிடும். வீட்டுக்கு நாள்தோறும் வெளியிலிருந்து சாப்பாடு வந்தால் அடுப்பில் பூனை படுத்துறங்கும் அல்லவா? சில நாள் என்றால் மறுபடி அடுப்பு மூட்டுவது எளிது. பல மாதம் என்றால் விறகு இருக்காது, பாத்திரம் துருப்பிடித்திருக்கும், சமைத்த கையும் பழக்கம் விட்டிருக்கும். அன்றைக்கென்று பார்த்துச் சாப்பாட்டுக்காரர் வராமல் போனால் வீடே பட்டினி. ஏசிடிஎச் தூண்டுதல் நெடுநாள் இல்லாத அட்ரீனல் புறணி உண்மையிலேயே சுருங்கிவிடுகிறது. அது மீண்டும் முழு அளவில் இயங்கச் சில மாதங்கள் ஆகலாம். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

மருத்துவ உலகம் இதை எளிதாகக் கற்கவில்லை. 1948ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில், முடக்குவாதத்தால் நடமாட இயலாதிருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்குப் பிலிப் ஹெஞ்ச் குழுவினர் கார்டிசோன் ஊசி செலுத்தினர். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். ஹெஞ்ச், எட்வர்டு கெண்டல், தாடியஸ் ரீக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. உலகமே கொண்டாடியது. இரண்டே ஆண்டுகளில், 1952இல், ஒரு துயரமான அறிக்கை வெளிவந்தது. முடக்குவாதத்துக்குக் கார்டிசோன் எடுத்து வந்த நோயாளி ஒருவர், அதை நிறுத்திய நிலையில் இடுப்பு மூட்டு அறுவைக்கு உட்பட்டு, அதன் பின் மீளாத அதிர்ச்சி நிலையில் இறந்துபோனார். உடற்கூறு ஆய்வில் அவருடைய அட்ரீனல்கள் சுருங்கிக் கிடந்தன.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் அந்தக் காலத்திலேயே உண்டு. 1954 அக்டோபரில் நியூயார்க்கில், அட்ரீனல் செயலிழந்த ஒருவருக்கு முதுகெலும்பில் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. அவருக்கு ஹார்மோன் தேவை என்பதை முன்கூட்டியே அறிந்து, அறுவையின்போதும் அதன் பின்னரும் அளவை உயர்த்திக் கொடுத்தனர். தொற்று ஏற்பட்டு உயிர் ஊசலாடியபோதும் அவர் பிழைத்தார். மறு ஆண்டு மருத்துவ இதழொன்றில் '37 வயது ஆண்' என்று பெயரின்றி அவரைப் பற்றி எழுதினர். அவர்தான் பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் எப். கென்னடி. அவருடைய மருத்துவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. நம் நோயாளிகளுக்கும் அந்த வாய்ப்பைத்தான் நான் கேட்கிறேன்.

பொங்கலுக்கு வந்த மகனை நான் குறை கூற மாட்டேன். அந்த அம்மாவின் சீட்டை வாங்கிப் பார்த்தேன். மருந்தின் பெயர், அளவு, 'தொடரவும்' என்ற ஒரு சொல். இவ்வளவுதான். இதை நிறுத்தக் கூடாது, நிறுத்துவதானால் படிப்படியாகக் குறைக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் எங்களிடம் சொல்ல வேண்டும் என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. தவறு எழுதியவருடையது, அதாவது என் போன்ற மருத்துவர்களுடையது. கைப்பேசி அந்த மகனுக்குப் பாதி உண்மையையாவது சொன்னது. நாங்கள் எதையும் சொல்லவில்லை.

புற நோயாளிப் பிரிவில் காத்திருக்கும் கூட்டத்தில் இதையெல்லாம் விளக்க நேரமேது என்று சக மருத்துவர்கள் கேட்பதுண்டு. நிறுத்தினால் ஆபத்து என்று சொன்னால், தொடங்கவே மறுத்துவிடுவார்கள் என்று அஞ்சுபவர்களும் உண்டு. முதல் கேள்விக்கு விடை எளிது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை, அட்ரீனல் குறைபாட்டு அபாயம் உள்ள நோயாளிகள் அனைவருக்கும் அவசரகால ஸ்டீராய்டு அட்டை வழங்க வேண்டும் என்று 2020இல் அறிவித்தது. பணப்பையில் அடங்கும் அட்டைதான். நம் மருத்துவமனையிலும் அது தமிழில் அச்சாக வேண்டும். மருந்து வழங்கும் இடத்திலேயே கைக்குக் கிடைக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் 'ஸ்டீராய்டு உட்கொள்பவர்' என்று தமிழில் ஒரு வரி இருக்க வேண்டும். இரண்டாவது அச்சத்தை என்னால் ஏற்க இயலவில்லை. உண்மையை மறைத்துத் தொடங்கி வைக்கும் மருந்து, அது தெரியவரும் நாளில் குப்பைக்குத்தான் போகும்.

அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிரெட்னிசலோன் மாத்திரையை நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், மூன்று நான்கு வாரங்களுக்கு மேலாக உட்கொண்டிருந்தால், உங்கள் அட்ரீனல் உறங்கியிருக்கலாம் என்று கொள்ளுங்கள். ஆஸ்துமாவின் கடும் தாக்குதலுக்கு ஐந்து நாள் கொடுத்து நிறுத்தச் சொன்னால், அதில் அஞ்சுவதற்கில்லை. ஆனால் அவ்வாறான குறுகிய சிகிச்சைகள் ஓராண்டில் பல முறை நடந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டுக்குள் அடிக்கடி போடப்படும் ஊசியும், அதிக அளவில் உறிஞ்சும் இன்ஹேலரும், உடலில் பரவலாகத் தடவும் வீரியமிக்க களிம்பும் சிலருக்கு இதே விளைவைத் தரும்.

காய்ச்சல் வந்த நாளில் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். எவ்வளவு என்பதை நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியினால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தில் பொழுதைக் கழிக்காமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். அப்போது ஊசிதான் தேவை. பல் பிடுங்குவதானாலும் அறுவைச் சிகிச்சை ஆனாலும், கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

பெயரில்லாப் பொடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் 'நாட்டு மருந்து' என்று பொட்டலத்தில் தரப்படும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. உண்ட மறுநாளே வலி பறந்து, பசி பொங்கி, சில வாரங்களில் கன்னம் உப்பினால் ஐயம் கொள்ளுங்கள். முறையாகப் பயின்ற சித்த மருத்துவர்களுக்கும் இத்தகைய கலப்படம் பழியையே சேர்க்கிறது. இங்கேதான் பொறி இருக்கிறது: அது ஆபத்து என்று அறிந்தவுடன் தூக்கி எறிந்தாலும் ஆபத்து. பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். கடிந்துகொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

தைராய்டு மாத்திரை உட்கொள்வோர், 'எங்களுக்கும் இப்படித்தானா?' என்று கேட்பார்கள். அது இவ்வளவு அவசரமானதன்று. தைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்; ஒரு நாள் மறந்தால் ஒன்றும் நேராது. ஆயினும் 'ரிப்போர்ட் நார்மல் வந்துவிட்டது' என்று நிறுத்திவிடுபவர்களை வாரந்தோறும் காண்கிறேன். பெரும்பாலோருக்கு மாத்திரை இருப்பதால்தான் அது நார்மல்.

அந்த அம்மா இப்போதும் மறுபரிசோதனைக்கு வருகிறார். மாத்திரையை மிக மெதுவாகக் குறைத்துக்கொண்டு வந்து, ஓராண்டுக்கும் மேலான பின், காலை நேர இரத்தப் பரிசோதனையில் அவருடைய சொந்தக் கார்டிசால் போதிய அளவு இருப்பதை உறுதிசெய்து நிறுத்தினோம். அளவைக் குறைத்த ஒவ்வொரு தேதியையும் சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வந்தவர் அந்த மருமகள். ஒவ்வொரு முறையும் நாள்காட்டித் தாளைக் கிழித்துக் கையோடு கொண்டுவந்து என் மேசையில் விரிப்பார். எங்கள் கணினியில் இருந்த குறிப்பைவிட அது தெளிவாக இருந்தது.