பொட்டிப்புரம் மலைக்கு 1,500 கோடி. நம்ம பிள்ளைங்க மனசுக்கு எவ்வளவு?

தேனி மாவட்டத்து உறவுகளே,

2015 ஜனவரியில, போடி பக்கம் பொட்டிப்புரத்துல மலையைக் குடைஞ்சு நியூட்ரினோ ஆய்வு பண்ண ஒன்றிய அமைச்சரவை சுமார் 1,500 கோடிக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. அந்தத் திட்டம் வேணுமா வேணாமாங்கறது வேற சண்டை. கண்ணுக்குத் தெரியாத துகளுக்கு ஒதுக்கத் தெரிஞ்சவங்களுக்கு, இதே மாவட்டத்துல கதவைச் சாத்திக்கிட்டுக் கிடக்குற பிள்ளைங்களைக் கண்ணுக்குத் தெரியுதா?

உங்க தெருவுலயே ஒருத்தன் இருப்பான். டிகிரி முடிச்சவன். அம்மா விடியுறதுக்கு முன்னாடி ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்குப் போயிரும். சாயங்காலம் திரும்பி வர்றப்பவும் அவன் அதே பாயிலதான். ஊரு "சோம்பேறி"ங்கும். அப்புறம் தாயத்து, மந்திரிப்பு. எல்லாம் முத்துன பிறகுதான் க.விலக்கு மெடிக்கல் காலேஜ். கம்பத்துலருந்து ஏறத்தாழ 50 கி.மீ. அம்மாவுக்கு ஒருநாள் கூலி போச்சு. அடுத்த மாசமும் வரணும்னா எத்தனை பேர் போவாங்க? டாக்டருங்க மேல குறை சொல்லல. ஆனா மனநல சிகிச்சைக்காக யாரையும் நெடுந்தூரம் அலைய விடக்கூடாதுன்னு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 18ஆம் பிரிவுலயே இருக்கு.

"அதான் 14416 இருக்கே"ன்னு கமெண்ட் போட வருவாங்க. இருக்கு. நல்ல சேவை, தமிழ்லயே பேசலாம், தேவைப்படுறவங்க இப்பவே கூப்பிடுங்க. ஆனா அந்த டெலி மானஸ் திட்டத்துக்கு 2023-24 ஒன்றிய பட்ஜெட்ல சுமார் 134 கோடி, அடுத்த வருஷம் 90 கோடி. ஏன் குறைஞ்சது? அதோட, டவர் கிடைக்காத மேகமலை எஸ்டேட் பிள்ளை எந்த போன்ல கூப்பிடும்?

நிம்ஹான்ஸ் 2015-16ல தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள்ல கணக்கெடுத்துச்சு. 13 முதல் 17 வயசுக்குள்ள 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு. சரி, வருசநாட்டுல எத்தனை பேர்? கூடலூர்ல? அந்த ஆய்வுல அதுக்குப் பதில் கிடையாது.

ஆய்வுன்னா ஏசி ரூம் வேலைன்னு நினைக்காதீங்க. சென்னை ஸ்கார்ஃப் அமைப்பு 2010ல புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே அனுப்புச்சு. டாக்டர் சென்னையில, நோயாளி பஸ்ஸுக்குள்ள, பேச்சு வீடியோவுல, மாத்திரை அங்கேயே. பஸ்ஸை ஓட்டுனதோட நிக்காம, அனுபவத்தை ஆய்விதழ்லயும் எழுதினாங்க. நம்ம மலைக்கு அதே பஸ் சரிப்படுமா, இல்ல ஜீப் ஸ்டாண்ட் பக்கத்துலயே சாயங்கால கிளினிக் வேணுமா, மாத்திரையை யார் எதனால பாதியில விடுறாங்க? இங்க வந்து பாத்தாத்தான் தெரியும். பாக்குறதுக்குத்தான் காசு கேக்குறோம்.

தேனி மருத்துவக் கல்லூரி மனநலத் துறைக்கு இளைஞர் மனநலத்துக்குன்னே அஞ்சு வருஷ ஆய்வு நிதி வேணும். உள்ளூர்ப் பிள்ளைகளையே களப்பணிக்கு எடுக்கணும். கல்லூரி மாநில அரசோடது, அதனால டெல்லியைக் கைகாட்டிட்டுக் கோட்டையும் தப்பிக்க முடியாது.

அக்டோபர் 2 கிராம சபையில உங்க ஊராட்சியில இதைத் தீர்மானமா எழுதிக் கொடுங்க. "பொருள் பட்டியல்ல இல்ல"ன்னு தட்டிக் கழிச்சா வீடியோ எடுத்து நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க. பிள்ளைங்க பேரும் முகமும் மட்டும் எங்கயும் வேணாம்.

– தகவல் தொழில்நுட்ப அணி, தேனி மாவட்டம்

#தேனிக்கு_மனநல_ஆய்வு_நிதி #கம்பம்_பள்ளத்தாக்கு