அடுத்த முகாமுக்கு முன் ஊர் கேட்க வேண்டியது

ஊர்ப் பெரியவர்களுக்கும், மகளிர் குழு அக்கா தங்கச்சிமாருக்கும், நூலகத்துத் தம்பிமாருக்கும்:

மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) முகாம் புதிதல்ல. கல்லூரிப் பேருந்து வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்பறைகளில் பாயும் பையும் பரவும். காலையில் அரிவாளும் மண்வெட்டியுமாகக் கண்மாய்க்குள் இறங்கிப் பிள்ளைகள் சீமைக் கருவேலம் வெட்டுவார்கள். பிற்பகலில் கண் பரிசோதனையோ கால்நடை மருத்துவமோ நடக்கும், மாலையில் நாடகம். ஏழாம் நாள் நிறைவு விழாவில் தலைவருக்குப் பொன்னாடை, மாணவர்களுக்குச் சான்றிதழ். வேரோடு பிடுங்காத கருவேலம் அடுத்த மழைக்கே அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்த்துவிடும். அப்போது அதைப் பார்க்க அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் ஊரில் இருக்க மாட்டார்கள்.

உள்ளங்கை கொப்பளிக்க உழைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் என்ன வேலை தேவை என்று ஊரை யாரும் கேட்கவில்லை, ஊரும் வாய் திறந்து சொல்லவில்லை. இதை எழுதுபவர் இப்போது குடியிருப்பது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், வெஸ்ட் லஃபாயெட் என்னும் பல்கலைக்கழக ஊரில். அங்கே பல ஆண்டுகளாக நடந்துவரும் ஓர் ஏற்பாட்டைச் சொல்லி, நம் ஊரும் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்த ஊரின் பர்டூ பல்கலைக்கழகம் பொறியியலுக்குப் பேர்போனது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மேற்படிப்புக்குத் தேடிப் போகும் இடங்களில் ஒன்று. 1995இல் எட்வர்ட் காயில், லியா ஜேமிசன் என்ற இரண்டு பேராசிரியர்கள் அங்கே 'எபிக்ஸ்' என்ற பாடத்தைத் தொடங்கினார்கள். முதல் செமஸ்டரில் 40 மாணவர்கள், ஐந்து குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் அந்த வட்டாரத்துச் சேவை அமைப்பு ஒன்று. அந்த அமைப்புக்கு எது தேவையோ அதை வடிவமைத்து, செய்து, கையில் கொடுத்து, பழுதானால் சரிபார்ப்பதுதான் பாடம். கிரெடிட் உண்டு, மதிப்பெண்ணும் உண்டு.

குழுவை அமைத்த விதத்தில்தான் சூட்சுமம். முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் ஒரே குழுவில் இருப்பார்கள், ஒருவரே பல செமஸ்டர்கள் தொடர்ந்து சேரலாம். மூத்தவர் பட்டம் வாங்கிக்கொண்டு போகும்போது அவர் செய்த வேலையின் உள்விவரமெல்லாம் அறிந்த இளையவர் அங்கேயே இருப்பார். ஆட்கள் மாறினாலும் குழு கலையாது.

அதனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். அந்த வட்டாரத்தில் வீடற்றவர்களுக்கு உதவும் அமைப்புகள் பல இருந்தன. ஒரே ஆள் ஓரிடத்தில் சாப்பிடுவார், இன்னோரிடத்தில் படுப்பார், வேறோரிடத்தில் மருந்து வாங்குவார். எல்லா அமைப்புகளும் தத்தம் ஏட்டில் அவரைப் பதிந்துகொள்ளும். மொத்தத்தையும் கூட்டினால் ஒருவர் மூவராகிவிடுவார். சரியான கணக்கு இல்லாமல் நிதி கேட்கவும் முடியாது, யாருக்கு எந்த உதவி கிடைக்காமல் விட்டுப்போனது என்று பார்க்கவும் முடியாது. ஏடுகளை ஒன்றாக்கலாம் என்றால் அதிலும் சிக்கல். அடிக்குப் பயந்து வீட்டைவிட்டு வந்த ஒரு பெண் எங்கே தங்கியிருக்கிறார் என்பது வெளியே கசிந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. ஆளின் அந்தரங்கமும் காக்கப்பட வேண்டும், ஒருவரை இருமுறை எண்ணாமலும் இருக்க வேண்டும். இதற்கான தரவுத்தளத்தை எபிக்ஸ் மாணவர் குழு பல செமஸ்டர்கள் உழைத்து உருவாக்கியது. ஏழு நாளில் முடிகிற வேலையல்ல இது. அந்த அமைப்புகள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால், எந்தப் பேராசிரியருக்கும் இது தானாகத் தோன்றியிருக்காது.

அமெரிக்காவில் எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் மாணவர்களை ஏற்றுக்கொண்ட சிறு அமைப்புகளின் குரலை ராண்டி ஸ்டோக்கரும் எலிசபெத் டிரையனும் 2009இல் 'தி அன்ஹெர்ட் வாய்சஸ்' என்ற நூலாகத் தொகுத்தார்கள். வந்த பிள்ளைக்கு வேலை பழக்குவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடுகிறது, அனுப்பிய ஆசிரியர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்ற மனக்குறைகள் அதில் பதிவாகியிருக்கின்றன. நம் ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டாலும் இதே பேச்சுத்தான் கிடைக்கும். இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ராபர்ட் சிக்மன் 1979இலேயே தெளிவாக எழுதிவைத்தார்: சேவை பெறுகிறவர்கள் கையில்தான் அந்தச் சேவையின் கடிவாளம் இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த மூன்று கோட்பாடுகளில் முதலாவது.

நம் நாடும் இதில் பின்தங்கியதல்ல. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1947இல், சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். 1956இல் அங்கே வந்த கிராமியக் கல்வி நிறுவனம், பாடம், ஆராய்ச்சி இரண்டுக்கும் சமமாகக் கிராமப் பணியையும் வைத்தது. மதுரை லேடி டோக் கல்லூரியில் சேவைவழிக் கற்றலுக்கென்றே தனி மையம் இருக்கிறது. 2014இல் வந்த 'உன்னத் பாரத் அபியான்' திட்டத்தில் சேரும் கல்லூரி குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். நம் ஊர் அப்படி எந்தக் கல்லூரியின் பட்டியலிலாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

என்.எஸ்.எஸ். விதிப்படி ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் முகாம் இது போகத் தனி. ஆக, உழைப்புக்கான நேரம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு பங்கு கல்லூரி வளாகத்தைப் பெருக்குவதிலும் பேரணியில் பதாகை பிடிப்பதிலும் போகாமல் நம் ஊருக்கு வர வேண்டுமானால், ஊர் ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இதை எழுதுபவருக்குப் படுவது தண்ணீர்ச் சோதனை. வேதியியல் துறை உள்ள எந்தக் கல்லூரியாலும் முடியும். ஊரில் உள்ள அடிபம்பு, ஊராட்சி போர், மேல்நிலைத் தொட்டி, பொதுக்கிணறு எல்லாவற்றுக்கும் எண் போட வேண்டும். செப்டம்பரில் பருவமழைக்கு முன் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை, ஏப்ரல் வெயிலில் ஒரு முறை என அதே இடங்களில் மாதிரி எடுத்து உப்பும் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் பார்க்க வேண்டும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஃபுளோரைடுக்கு 1, மிஞ்சினால் 1.5. வந்த அளவைச் சாயத்தில் அந்தந்தக் குழாயின் பக்கத்திலேயே எழுதிப்போட்டால், எதில் குடிக்கலாம், எதைப் புழங்க மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மூன்று ஆண்டு இப்படிச் சேர்ந்த கணக்கைக் கொண்டுபோய் அதிகாரி மேசையில் வைத்தால், அதை வெறும் புகார் என்று ஒதுக்கிவிட முடியாது.

வணிகவியல் பிள்ளைகள் மகளிர் குழுக்களின் வரவு செலவு ஏட்டைச் சரிபார்க்கலாம், தமிழ்த்துறைப் பிள்ளைகள் நூலகத்தை மாலையில் திறந்து வைத்திருக்கலாம். அவையெல்லாம் பிறகு. முதலில் ஒன்று நிலைக்கட்டும்.

கேட்கிற முறையும் முக்கியம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்றில் தீர்மானம் போட்டு, கல்லூரி முதல்வருக்கும் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலருக்கும் அனுப்பலாம். இரண்டாமாண்டுப் பிள்ளைகள் வரும்போது முதலாண்டுப் பிள்ளைகளும் கூடவே வர வேண்டும், வேலையை அடுத்த அணியிடம் ஊருக்கு முன்னால் ஒப்படைக்க வேண்டும், மாணவர் ஒழுங்காகச் செய்தாரா என்பதில் ஊரின் வார்த்தையும் மதிப்பெண்ணில் சேர வேண்டும் என்று அதில் எழுதிவிட வேண்டும். ஊர்ப்பக்கத்துப் பொறுப்பு தலைவரிடம் மட்டும் இருந்தால் அடுத்த தேர்தலோடு விஷயம் தொலைந்துபோகும். மகளிர் குழுக் கூட்டமைப்பில் இரண்டு பேர் தண்ணீர்ச் சோதனை ஏட்டை வைத்திருப்பது நல்லது. வரும் பிள்ளைகளுக்கு வழிகாட்ட ஊர் தன் நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும், அது கொஞ்சம் சிரமம்தான்.

சோதனைக் கருவிக்கும் ரசாயனத்துக்கும் ஆகும் செலவை வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் திரட்டித் தர இதை எழுதுபவர் பொறுப்பேற்கிறார். எந்தக் கிணறு, எந்தக் குழாய், யார் ஏடு வைப்பது என்பதை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். அக்டோபர் 2 கிராம சபைக்கு முன் மகளிர் குழுக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்துக் காட்டி, தெருவாரியாக ஒரு பட்டியல் எழுதிவிட்டால், தீர்மானத்தோடு இணைக்க அது தயாராக இருக்கும்.

அன்புடன்,
இந்தியானாவிலிருந்து உங்கள் ஊர்க்காரர்