பெயிலானால் என்ன? கோபுரமே எழுந்ததே!

மே மாதம் ரிசல்ட் வந்தால், பண்பொழியில் சில வீடுகளில் அன்று அடுப்பு எரியாது.

காசு இல்லாமல் அல்ல. பிள்ளை பிளஸ்-2 பரீட்சையில் பெயில்!

முன்பெல்லாம் ரிசல்ட் பத்திரிகையில் வரும். ஒரு பேப்பரைப் பத்துப் பேர் சுற்றி நின்று நம்பரைத் தேடுவார்கள். நம்பர் இல்லாதவன் மெதுவாக நழுவி விடுவான். வீடு போய்ச் சேருவதற்குள் மனசு கொஞ்சம் ஆறி இருக்கும்.

இப்போது அந்த அவகாசமும் கிடையாது. ரிசல்ட் செல்போனிலேயே வந்து விடுகிறது. அடுத்த நிமிடம் மாமா போன் செய்கிறார், அத்தை போன் செய்கிறார். எதிர்வீட்டுக்காரர், "என்னல, எத்தனை மார்க்கு?" என்கிறார்.

பெயிலான வலியை விட இந்தக் கேள்விதான் அதிகம் குத்துகிறது.

மொட்டைக் கோபுரம்

தென்காசிக் காசிவிசுவநாதர் கோவில் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்காத பண்பொழிக்காரர் இருக்க மாட்டார். ஒன்பது நிலை. சுமார் 180 அடி உயரம்.

ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்கு ஒரு சங்கதி தெரியாது. பழைய கோபுரம் சிதைந்து போய், பல காலம் அது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. இன்று நாம் பார்க்கும் கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது 1990-ல்தான்!

கோவிலைக் கட்டியவன் பராக்கிரம பாண்டியன். காலம் 15-ம் நூற்றாண்டு. அவன் அன்றைக்கே கல்லில் ஒரு சேதி வெட்டி வைத்தான். 'இந்தக் கோவிலுக்கு ஏதாவது குறை வந்தால், அதை நீக்கிக் காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும், உலகம் அறிய அவரைப் பணிகிறேன்' என்பது அதன் கருத்து.

'என் கோவில் விழாது' என்று அரசன் மார்தட்டவில்லை. குறை வரலாம் என்று நினைத்தான். சரி செய்கிறவனுக்கு முன்கூட்டியே கும்பிடு போட்டான்.

பிள்ளை விழுந்த வீட்டிலும் இந்தப் புத்திதான் வேண்டும். 'ஏன் விழுந்தாய்?' என்று ஆயிரம் பேர் கேட்பார்கள். தூக்கி விட நாலு பேர் வேண்டும்.

தேதி போய் விடும்!

முன்பு மார்ச்சில் தவறினால் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். ஒரு வருடம் போச்சு! இப்போது அப்படி அல்ல. ஜூன், ஜூலையிலேயே துணைத்தேர்வு நடக்கிறது. சாரல் அடிக்கிற காலத்தில் எழுதி பாஸ் செய்தால், அதே வருடம் கல்லூரியில் சேரலாம்.

ஆனால் விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் அவகாசம். அப்பா திட்டிக்கொண்டும், அம்மா அழுதுகொண்டும், பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டும் இருந்தால் தேதி போய் விடும்.

ஆகவே முதல் நாள் திட்டு வேண்டாம். "போனாப் போகுதுல, திரும்ப எழுதிக்கிடலாம். வா, சாப்பிடு" என்று அப்பா சொன்னால் போதும். பாதிப் பாரம் இறங்கி விடும்.

அழ வேண்டும் போல இருந்தால் பிள்ளை அழட்டும். "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று அடக்காதீர்கள்.

மறுநாள் பள்ளிக்கூடம் போங்கள். எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் குறைந்தது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மார்க்கில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் கேட்கவும், மறுகூட்டலுக்கு மனுப் போடவும் வழி இருக்கிறது.

ஊருக்கும் வேலை உண்டு

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல் நாள் கணக்கில் தனியே உட்கார்ந்திருந்தால் சும்மா விடாதீர்கள். தனியே இருக்க விடவும் வேண்டாம். 'செத்துப் போகலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச போன் இருக்கிறது. 2022-ல் தொடங்கப்பட்டது. இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

பண்பொழியில் படித்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் அந்த ஒரு மாதம், மாலையில் ஒரு மணி நேரம் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்தால் என்ன? பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டுச் சொன்னால் நடந்து விடும்.

ஒரு பாடத்தில் தவறியவன் வாழ்க்கையில் தவறியவன் அல்ல. இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதற்கு முன், எதிர்வீட்டுக்காரருக்கும் சொல்லி வையுங்கள்!