'இல்லை' என்று எழுதினால் 'ஆமாம்' என்று படிக்கிறது

போன வாரம் ராத்திரி 10.30 மணிக்கு மகனுக்கு ஆபீசிலிருந்து போன். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தவன், எழுந்தது விடியற்காலை 4 மணிக்கு. சோதனைக்கு வைத்திருந்த சர்வரிலிருந்து நிஜ வாடிக்கையாளர்களுக்கே 'தவணை பாக்கி' என்று ஈமெயில் போய்விட்டதாம். கடனை எப்போதோ அடைத்தவர்களுக்கும்கூட! நம் வயதுக்காரர்களுக்கு அந்த நேரத்தில் அப்படி ஒரு கடிதம் வந்தால் தூக்கம் வருமா?

காரணத்தைக் கேட்டேன். பாஸ்வேர்டு, போர்ட் எண், மெயில் அனுப்பலாமா கூடாதா போன்ற விவரங்களைப் புரோகிராமுக்கு வெளியே எழுதி வைப்பார்கள். என்விரான்மென்ட் வேரியபிள் என்று பெயர். அதில் எண்ணை எழுதினாலும் சரி, உண்டு இல்லை என்று எழுதினாலும் சரி, புரோகிராமின் கைக்கு வெறும் எழுத்தாகத்தான் வந்து சேரும். இவர்கள் மெயிலுக்கு 'ஃபால்ஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கோ, காலியாக இல்லாத எந்தச் சொல்லும் 'ஆமாம்'தான்.

"டைப்ஸ்கிரிப்ட்லதானே எழுதறீங்க, அது வகை பார்க்குமே?"

"நாங்க எழுதற கோடைத்தான் அது பார்க்கும்ப்பா. ஓடும்போது வெளியிலேர்ந்து வர்றதைப் பார்க்காது."

நான் 31 வருஷம் பாங்க் கவுண்டரில் இருந்தவன். சலானில் எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். வாங்கிப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் கணக்கு இடிக்கும்போது தேடுவதில்லை. சர்வரும் கிளம்பும்போதே எல்லாவற்றையும் சரிபார்த்து, ஒன்று தப்பினாலும் அதன் பெயரைச் சொல்லி, கிளம்ப மறுக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கென்றே ஸோட் போன்ற இலவச லைப்ரரிகள் இருக்கின்றன. அதிலும் ஒரு வேடிக்கை: 'கோயர்ஸ்' என்ற குறுக்குவழியில் பூலியன் ஆக்கச் சொன்னால், அதுவும் 'ஃபால்ஸ்' என்ற எழுத்தை 'ட்ரூ' ஆக்கிவிடுமாம்! 'ட்ரூ', 'ஃபால்ஸ்' இந்த இரண்டு சொல்லைத் தவிர வேறெதையும் வாங்காதே என்று கறாராக எழுதத்தான் வேண்டும்.

"சர்வர் கிளம்பலேன்னா மேனேஜர் கத்துவார்ப்பா" என்கிறான். புதியது கிளம்பாவிட்டால் பழையதே ஓடட்டுமே! அப்படி ஏற்பாடு செய்யலாம் என்று அவனே ஒப்புக்கொண்டான். இதைவிட, விவரம் இல்லாவிட்டால் இதை வைத்துக்கொள் என்று இவர்களாகவே ஒரு மதிப்பை எழுதிவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பாஸ்வேர்டுக்குக்கூடச் சிலர் அப்படிச் செய்வார்களாம்.

இந்தச் சரிபார்ப்பை எழுத எவ்வளவு நேரமாகும் என்று கேட்டதற்கு, அரை நாள் என்றான். எழுதியாகிவிட்டதா என்று நேற்று கேட்டேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.