கடலில்லாத ஊரும் புள்ளிச் சுறாவும்

தருமபுரி மாவட்டத்தில் கடல் இல்லை. அங்குள்ள மாணவி ஒருத்தி கடலுயிரியல் படிக்க விரும்புவதாகச் சொன்னால், ‘நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?’ என்ற கேள்விதான் முதலில் எழும். அக்கேள்வியை ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் அது. பிழைப்புக்கு உதவுமா என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆனால், கடலறிவு கரையோரத்தாருக்கு மட்டுமே உரியது என்னும் அனுமானம் அக்கேள்விக்குள் இருக்கிறது. அது தவறு என்பது என் கருத்து.

திமிங்கலச் சுறாவை ஆராயும் பிராட் நார்மனின் பணிவாழ்வை எடுத்துக்கொள்வோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பவளத்திட்டில் 1990களின் நடுவில் ஆய்வைத் தொடங்கியவர் அவர். பெயரில் திமிங்கலம் இருந்தாலும் இது மீன்தான். மீன்களிலேயே மிகப் பெரியது. பதினெட்டு மீட்டர்வரை வளரக்கூடிய இவ்வுயிர், மிதவை நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டி உண்டே வாழ்கிறது. நார்மன் முன்னிருந்த கேள்வி எளிமையானது: இன்று கண்ட சுறா, சென்ற ஆண்டு கண்டதுதானா? இதற்கு விடையில்லாமல் சுறாக்களை எண்ண முடியாது. எண்ண முடியாததைக் காப்பதும் கடினம்.

விடை சுறாவின் தோலிலேயே இருந்தது. ஒவ்வொன்றின் உடலிலும் வெண்புள்ளிகளின் அமைப்பு வேறு. அவற்றை ஒப்பிடும் வழியோ வானியலிலிருந்து வந்தது. விண்மீன் படங்களைப் பொருத்திப் பார்க்க எட்வர்ட் குரோத் 1986இல் வெளியிட்ட கணக்குமுறையை, நாசாவின் வானியலாளர் ஸாவன் அர்ஸுமானியன், மென்பொருளாளர் ஜேசன் ஹோம்பெர்க் ஆகியோருடன் சேர்ந்து நார்மன் சுறாவுக்குப் பயன்படுத்தினார். 2005இல் அவர்களது ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. சுற்றுலாப் பயணிகள் எடுத்த புகைப்படங்களும் ஆய்வுக்குத் தரவாயின. அதே 1986இல்தான் ஜவ்வாது மலையின் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தருமபுரிக்காரருக்குக் கடலைவிட மிக அருகிலிருப்பது அது.

நம் நாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. சௌராஷ்டிரக் கரையில் 1990களில் ஈரலெண்ணெய்க்காகவும் ஏற்றுமதி இறைச்சிக்காகவும் இச்சுறாக்கள் கொல்லப்பட்டன. மைக் பாண்டேயின் ஆவணப்படம் 2000இல் அதை வெளிக்கொணர்ந்தது. 2001இல் திமிங்கலச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. சட்டம் மட்டும் போதவில்லை. 2004இல் தொடங்கிய இயக்கத்தில், கதை சொல்லும் மொராரி பாபு, பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகளாகச் சுறாவை உருவகித்தார். அதன்பின் மீனவர்கள் தம் வலைகளை அறுத்து அதை விடுவித்தனர். அறுத்த வலைக்கு இழப்பீடு உண்டு. விடுவித்ததற்குச் சான்று அவர்களே எடுக்கும் புகைப்படம். ஆய்வாளர், படமெடுப்பவர், உபந்நியாசகர், மீனவர் என எல்லோருக்கும் இதில் பங்கிருந்தது.

ஃபுளூரைடு கலந்த நீரைக் குடித்த ஊருக்குச் சுறா ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது என்பதை மறக்கவில்லை. ஆயினும் பற்களில் படிந்த கறையைக் கண்டு, ஊர் ஊராகக் கிணற்று நீரைச் சோதித்துப் பதிவுசெய்வதும், சுறாவின் புள்ளிகளை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்வதும் ஒரே வகை உழைப்புத்தான். ஒன்றில் பயின்ற கண் மற்றதிலும் உதவும்.

நம் இலக்கியச் சூழலுக்கும் இதில் பொறுப்புண்டு. நெய்தல் என்று ஒரு திணையையே வகுத்த மொழி நம்முடையது. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தபோது கரையோர வாழ்வை வியந்து வாசித்தோம். ஆனால் ஓர் அறிவியலாளர் பத்தாண்டுகள் ஒரே கேள்வியோடு எப்படி வாழ்கிறார் என்பதைத் தமிழில் சொல்லும் நூல்கள் மிகக் குறைவு. நாம் எழுதுவதெல்லாம் பட்டங்களும் விருதுகளும் அடங்கிய சாதனையாளர் குறிப்புகள். அவற்றைப் படிக்கும் மாணவிக்கு வியப்பு கிடைக்கும், வழி கிடைக்காது.

தருமபுரிக்குக் கடல் அந்நியமும் அல்ல. கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீன்கள், 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் அருகின. அந்த அணையின் நீர்ப்பரப்பு தருமபுரியின் நாகமரை வரை விரிகிறது. அங்கே பரிசலில் சென்று வலைவீசிப் பிழைப்போர் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளை கடலுயிரியல் படித்தால் அதில் விந்தையென்ன? பரங்கிப்பேட்டையில் கடலுயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கே போகலாம் என்று அப்பிள்ளைக்குத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். எழுதுகிறவர்கள் அதையாவது செய்யலாம்.