ரெண்டு நாற்காலியும் அறுநூறு மணி நேர ஒலிநாடாவும்

'ஜான்சன் கொடுத்தார்' என்கிறார்கள். சிவில் உரிமைச் சட்டத்தைக் கொடுத்தார், வாக்குரிமையைக் கொடுத்தார், கறுப்பர்களுக்கு வாழ்வு கொடுத்தார். நம்முடைய வாசிப்பு வட்டங்களிலும் இந்தக் 'கொடுத்தார்' தாராளமாகப் புழங்குகிறது. 1965 மார்ச் 15 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நின்று, கறுப்பர் இயக்கத்தின் முழக்கத்தையே தன் வாயால் சொன்ன அந்தப் பேச்சை மாணவத் தோழர்கள் கண்கலங்கக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். கேளுங்க, வேணாம்னு சொல்லல. ஆனால் அதே மனிதர் அதற்கு ஏழு மாதம் முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு, தொலைபேசியில் என்ன பேசினார் என்பதற்கும் நாடா இருக்கிறது. அதையும் கேட்டுவிட்டு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாமா, தூக்கி எறியலாமா என்று பேசுவோம்.

ஜான்சன் தன்னுடைய தொலைபேசிப் பேச்சுகளை, பெரும்பாலும் எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியாமலே, பதிவு செய்துவந்தார். 1963 நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டு இவர் பதவியேற்றதிலிருந்து 1969 ஜனவரியில் இறங்கும்வரை. மொத்தம் 640 மணி நேரத்துக்கு மேல் வரும். தான் செத்து 50 வருஷம் ஆகிற வரைக்கும் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்தார். 1973 ஜனவரியில் செத்தார். அவர் போட்ட கணக்குப்படி 2023 வரை பூட்டு. ஆனால் டெக்ஸாஸ் மாநிலம் ஆஸ்டினில் அவர் பெயரில் உள்ள ஜனாதிபதி நூலகம் 1990களிலேயே நாடாக்களைத் திறக்கத் தொடங்கிவிட்டது. இன்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அந்த நூலகத்தில் காகிதம் மட்டும் நாலரைக் கோடிப் பக்கம் இருக்கிறது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஜனாதிபதியின் காகிதங்கள் பொதுச்சொத்து என்று எல்லா ஜனாதிபதிகளுக்குமாக அங்கே சட்டம் வந்ததே 1978இல்தான். அதுவரைக்கும் அது அவங்க வீட்டுச் சொத்து. மனசு வைத்தால் தருவார்கள்.

ஒரு மாதமாக ராத்திரிகளில் 1964ஆம் வருஷத்துக் கோடைக்கால நாடாக்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன் அந்தக் கோடை என்றால், மிஸிஸிப்பி மாநிலம். அங்கே அப்போது நூறு பேரில் நாற்பதுக்கு மேல் கறுப்பர்கள். ஓட்டுப் போடும் வயது வந்த கறுப்பர்களில் வாக்காளர் பட்டியலில் ஏறியிருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேரும் தேறமாட்டார்கள். பேர் சேர்க்கப் போனால் மாநில அரசியல் சட்டத்தில் ஏதோ ஒரு பிரிவை எடுத்து நீட்டி விளக்கம் எழுதச் சொல்வான். எழுதினது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்கிறவனும் அவனே. அந்த மாநிலத்தின் சன்ஃபிளவர் மாவட்டத்தில், ரூல்வில் என்ற ஊர்ப் பக்கம், ஒரு பருத்திப் பண்ணையில் வாரத்துக்கு உழைத்துக் கிடந்தவர் ஃபேனி லூ ஹேமர். பெற்றவர்களுக்கு இருபதாவது பிள்ளை, கடைசி. ஆறு வயதில் பருத்தி எடுக்க இறங்கியவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று, 44 வயதில், பட்டியலில் பேர் சேர்க்கப் போனார். போன குற்றத்துக்கு அன்றைக்கே பண்ணையார் வெளியே போகச் சொல்லிவிட்டான். 18 வருஷம் உழைத்த பண்ணை. 1963 ஜூனில் வினோனா என்ற ஊர்ச் சிறையில் வெள்ளைப் போலீஸ்காரர்கள் இரண்டு கறுப்புக் கைதிகளின் கையில் தடியைக் கொடுத்து அவரை அடிக்க வைத்தார்கள். சிறுநீரகம் கெட்டுப்போனது. செத்த வரைக்கும் அந்த அடி உடம்பில் இருந்தது.

இதே சன்ஃபிளவர் மாவட்டத்துக்காரர்தான் செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். 5000 ஏக்கருக்கு மேல் பருத்தி நிலம். போதாததற்கு செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவர். நீதிக்கு வந்த கேடு பாருங்க!

1964 ஜூன் 21 அன்று ஜேம்ஸ் சேனி என்ற கறுப்பு இளைஞரும், ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற வெள்ளைத் தோழர்கள் இருவரும் மிஸிஸிப்பியில் காணாமல் போனார்கள். வாக்காளர் பதிவு வேலைக்குப் போனவர்கள். ஜூன் 23 அன்று ஜான்சன் ஈஸ்ட்லண்டிடம் தொலைபேசியில் பேசுகிறார். நாடாவில் இருக்கிறது. ரொம்ப நட்பான பேச்சு. காணாமல் போனதெல்லாம் விளம்பரத்துக்கான நாடகம் என்கிறார் ஈஸ்ட்லண்ட். அந்தப் பேச்சு முடிந்த சில நிமிடங்களில் எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் வருகிறார்: அவர்கள் போன கார் எரிந்து கிடக்கிறது. ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்கு அடியிலிருந்து மூன்று உடல்களைத் தோண்டினார்கள். தேடும்போது ஆற்றில் வேறு இரண்டு கறுப்பு இளைஞர்களின் உடல் துண்டுகளும் கிடைத்தன. ஹென்றி டீ, சார்லஸ் மூர். மே மாதமே கொல்லப்பட்டவர்கள். கூட வெள்ளைக்காரர் சாகாததால் நாடு அவர்களைத் தேடவே இல்லை. (1988இல் 'மிஸிஸிப்பி பர்னிங்' என்று ஒரு படம் எடுத்து எஃப்.பி.ஐ.யைக் கதாநாயகன் ஆக்கினார்கள். அதைப் பார்த்துக் கைதட்டியவர்கள் நம்மிலும் உண்டு.)

ஒரே மாவட்டம். பண்ணை முதலாளி ஜனாதிபதியோடு பேசுவதை நான் கேட்டேன். அந்த மாவட்டத்து வாரக்காரி அந்தக் கோடை நாடாக்களில், நான் கேட்டவரையில், ஒரு தடவைகூடப் பேசவில்லை. அவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

ஆகஸ்டில் நடந்ததற்கு வருகிறேன். ஜனநாயகக் கட்சியின் மிஸிஸிப்பிக் கிளை வெள்ளையர் மட்டுமே உள்ள கிளை. அதற்கு எதிராக, 1964 ஏப்ரலில், மிஸிஸிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியைக் கறுப்பர்கள் கட்டினார்கள். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, தேர்தல் வைத்து, 68 பேராளர்களை அனுப்பினார்கள். அட்லாண்டிக் சிட்டியில் கட்சியின் தேசிய மாநாடு. மிஸிஸிப்பிக்கு உண்மையான பேராளர்கள் நாங்கள்தான், எங்களை உட்கார வையுங்கள் என்பது கோரிக்கை. ஆகஸ்ட் 22 அன்று பேராளர் தகுதியை விசாரிக்கும் குழுவுக்கு முன்னால் ஹேமர் சாட்சி சொன்னார். ஏறக்குறைய எட்டு நிமிடம். பேரும் விலாசமும் சொல்லி ஆரம்பித்து, பண்ணை, துரத்தல், சிறை, அடி எல்லாம். தொலைக்காட்சி நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. பாதியில் காட்சி வெள்ளை மாளிகைக்குத் தாவியது. ஜனாதிபதி பேசப்போகிறாராம். துணை ஜனாதிபதி வேட்பாளரை அறிவிப்பார் போல என்று எல்லாரும் அங்கே திரும்பினார்கள். அவரோ, டெக்ஸாஸ் ஆளுநர் சுடப்பட்டு இன்றோடு ஒன்பது மாதம் ஆயிற்று என்று நினைவுகூர்ந்தார். ஒன்பது மாதத்துக்கு நினைவஞ்சலி! ஒரு வாரக்காரியின் வாயை மூட உலகத்திலேயே பெரிய பதவி செய்த வேலை இது. ஆனால் அன்று ராத்திரி செய்தியில் அவர் சாட்சியத்தை எடுத்துப் போட்டார்கள். பகலில் பார்த்ததைவிட அதிகம் பேர் பார்த்தார்கள்.

அந்த வாரத்து நாடாக்களைத்தான் ஒவ்வொரு தோழரும் கேட்க வேண்டும் என்கிறேன். ஜான்சனின் குரலில் இருப்பது பயம். யாரைக் கண்டு? தன் எதிரி கோல்ட்வாட்டரைக் கண்டு அல்ல. பஸ் ஏறி வந்து, மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே பலகை நடையில் உட்கார்ந்திருந்த கூலிக்காரர்களைக் கண்டு. ஆகஸ்ட் 25 அன்று தன் பத்திரிகைச் செயலர் ஜார்ஜ் ரீடியிடம், நான் போட்டியிடவே போவதில்லை, விலகிக்கொள்கிறேன் என்று அறிக்கையே வாசித்துக் காட்டுகிறார். மனைவி லேடி பேர்ட் அதே நாளில் எழுதிய தேற்றல் கடிதமும் ஆவணத்தில் உள்ளது. நாட்டின் பெரிய மனிதர் கோபித்துக்கொண்டு படுத்துவிட்டார், காரணம் கறுப்பர்கள் நாற்காலி கேட்டதுதான்.

படுத்துக்கொண்டே என்னவெல்லாம் செய்தார் பாருங்கள். எஃப்.பி.ஐ.யிலிருந்து கார்த்தா டிலோச் தலைமையில் ஏறக்குறைய 30 பேர் அட்லாண்டிக் சிட்டிக்கு வந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் ஓட்டல் அறைத் தொலைபேசியை ஒட்டுக்கேட்டார்கள், இயக்கங்களின் அலுவலகத்தை ஒட்டுக்கேட்டார்கள், நிருபர் வேஷம் போட்டு உள்ளே புகுந்தார்கள். சேகரித்ததெல்லாம் சுடச்சுட வெள்ளை மாளிகைக்குப் போனது. 1975-76இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு விசாரித்தபோது இதெல்லாம் வெளியே வந்தது. ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரிக்குத் துணை ஜனாதிபதி ஆசை. இந்த 'மிஸிஸிப்பித் தொல்லை'யை முடித்துவை, பிறகு பார்க்கலாம் என்று அவரை இறக்கினார்கள். கார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்ட்டர் ரூத்தர் டெட்ராய்ட்டில் சம்பளப் பேச்சுவார்த்தையை விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் பறந்து வந்தார். தொழிலாளியின் தலைவர், வந்தது முதலாளியின் வேலைக்கு. சுதந்திரக் கட்சிக்காக வாதாடிய வக்கீல் ஜோசப் ராவ் இந்தச் சங்கத்துக்கும் வக்கீல், அந்தப் பிடியை வைத்தே அவரை நெருக்கினார்கள். இடதுசாரித் தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நாடாவில் உள்ளதைச் சொல்கிறேன்: ரூத்தரும் ஜான்சனும் பேசுவதில் வர்க்கமும் இல்லை, போராட்டமும் இல்லை. எப்படி அடக்குவது என்பது மட்டுமே இருக்கிறது.

கடைசியில் வந்த சமரசம்: ரெண்டு நாற்காலி. அதுவும் மிஸிஸிப்பியின் பேரில் இல்லை, எந்த மாநிலத்துக்கும் சேராத பொது நாற்காலி. மீதிப் பேர் விருந்தாளிகளாக வேடிக்கை பார்க்கலாம். அந்த ரெண்டில் யார் உட்காருவது என்பதையும் அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. மருந்துக்கடைக்காரர் ஆரன் ஹென்றி ஒருவர், வெள்ளைப் பாதிரியார் எட் கிங் ஒருவர். ரெண்டு பேரும் நல்ல போராளிகள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 68 பேரைத் தேர்ந்தெடுத்தது கூலி மக்கள், ரெண்டு பேரைத் தேர்ந்தெடுத்தது வெள்ளை மாளிகை. வாரக்காரி பட்டியலில் இல்லை. அந்தப் படிப்பில்லாத பெண்ணை ஜனாதிபதி மாநாட்டில் பேச விடமாட்டார் என்று ஹம்ஃப்ரி சொன்னதாக அங்கே இருந்த எட் கிங் பின்னால் பதிவு செய்திருக்கிறார். பேச்சுவார்த்தை அறைக்குள் பேசிக்கொண்டிருக்கும்போதே, வெளியே தொலைக்காட்சியில் 'சமரசம் ஏற்கப்பட்டது' என்று அறிவித்துவிட்டார்கள். பாப் மோசஸ் எழுந்து வெளியே போனார்.

1932 பூனா ஒப்பந்தத்தைப் படித்த நமக்கு இந்த இடம் புதிதில்லை. இடத்தின் எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம், பேரம் பேசலாம். உன் பிரதிநிதியை நீ மட்டும் தேர்ந்தெடுப்பாய் என்றதும் சாகும்வரை உண்ணாவிரதம் வந்துவிடும், ராஜினாமா அறிக்கை வந்துவிடும்.

தலைவர்கள் எல்லாரும் ஏற்கச் சொன்னார்கள். கறுப்பர் தலைவன் என்ற முறையில் ஏற்கச் சொல்வேன், மிஸிஸிப்பிக் கறுப்பனாக இருந்தால் எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்று கிங் தன்னிடம் சொன்னதாகவும் எட் கிங் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தில் கிங்மேல் எனக்கு மரியாதையும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. ஹேமருக்கு அந்த இரட்டை நிலை இல்லை. ரெண்டு சீட்டுக்காக நாங்க இவ்வளவு தூரம் வரலே என்றார். 68 பேரும் கூடிப் பேசி நிராகரித்தார்கள்.

'அவர் வேறென்ன செய்திருக்க முடியும்? தெற்கு கைவிட்டுப் போயிருக்குமே?' என்பார்கள். கேட்கிறவர்களுக்குக் கணக்குச் சொல்கிறேன். விசுவாச உறுதிமொழி கொடுக்கச் சொன்னதும் மிஸிஸிப்பி வெள்ளைப் பேராளர்களில் மூன்று நாலு பேர் தவிர எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஹேமரின் ஆட்கள் மற்ற மாநிலத்தவரின் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு போய் அதில் உட்கார்ந்தார்கள். மறுநாள் நாற்காலிகளையே எடுத்துவிட்டார்கள். நவம்பரில் மிஸிஸிப்பி 100க்கு 87 ஓட்டை கோல்ட்வாட்டருக்குப் போட்டது. தெற்கில் ஐந்து மாநிலங்கள் ஜான்சனைக் கைவிட்டன. அப்படியும் 44 மாநிலங்களில் ஜெயித்தார். யாரைச் சமாதானப்படுத்த ஹேமரை வெளியே தள்ளினாரோ அவர்கள் அவருக்கு ஓட்டே போடவில்லை, அவர்கள் ஓட்டு அவருக்குத் தேவையும் படவில்லை.

1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். உண்மை. அதற்கு முன்னால் மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் மக்கள் மண்டை உடைந்து விழுந்தார்கள். அதுவும் உண்மை. வரிசையை மாற்றிச் சொல்லாதீர்கள்.

ஆவணக் காப்பகம் நமக்கு ஆகாது, அது அதிகாரத்தின் கிட்டங்கி என்று சில தோழர்கள் கோட்பாடு பேசுகிறார்கள். கிட்டங்கிதான். அதனால்தான் உள்ளே போக வேண்டும் என்கிறேன். மிஸிஸிப்பி அரசு 1956இல் ஓர் உளவு அமைப்பு வைத்து, கறுப்பர் இயக்கத்தவரை வேவு பார்த்துக் கோப்பு எழுதியது. 1977இல் அந்தக் கோப்புகளையும் 50 வருஷத்துக்குப் பூட்டினார்கள். ஐம்பது வருஷம் இவர்களுக்குப் பிடித்த எண் போல, சாட்சிகள் செத்துப்போகிற காலம். வழக்குப் போட்டு 1998இல் திறக்க வைத்தார்கள். ஒரு லட்சத்து முப்பதாயிரம் பக்கங்களுக்கு மேல். அம்பேத்கருக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தது. ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று 1946இல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டு போய்ஸ் பதில் எழுதினார். அந்தக் கடிதங்கள் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டு போய்ஸின் காகிதங்களுக்குள் பத்திரமாக இருக்கின்றன. அவர் கேட்டது வெள்ளை மாளிகையின் அறிக்கையை அல்ல, மனுவை.

நம்மகிட்ட இருக்கிற மனுக்கள் எங்கே? எஃப்.ஐ.ஆர். நகல், உண்மையறியும் குழுவின் கையெழுத்துப் பிரதி, விசாரணைக் கமிஷன் முன்னால் சேரிப் பெண்கள் சொன்ன சாட்சியம், இதெல்லாம் எந்தத் தோழர் வீட்டுப் பரணில் கரையான் அரிக்கிறது என்று இந்த இதழைப் படிக்கிறவர்களுக்கே தெரியும். எடுத்துத் துடையுங்கள், தேதி போடுங்கள், ரெண்டு நகல் எடுத்து ரெண்டு ஊரில் வையுங்கள்.

அடுத்த மாத வாசிப்பு வட்டத்தில் ஜான்சனின் 1965 பேச்சைப் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். போடுங்க. அதற்கு முன்னால் ஹேமரின் எட்டு நிமிடத்தைப் போட்டுவிட்டு, பிறகு ரீடியோடு பேசிய ஆகஸ்ட் 25 நாடாவைப் போடுங்க. நேரம் இல்லை என்றால் ஜான்சனின் பேச்சைப் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம்.